பக்கீர் மேஸ்திரி கழற்றிய எட்டுப் பட்டைகள்

மதுரைக் காளவாசலில் பக்கீர் முகமது மேஸ்திரி என்றால் லாரிப் பட்டை. லாரியின் அச்சுக்கு மேலே அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டைகள்தான் அத்தனை பாரத்தையும் தாங்குகின்றன. முறிந்ததைக் கழற்றிப் புதுசு போட்டு இறுக்குவதுதான் இருபது வருஷமாக அவருடைய பிழைப்பு. காலையில் கோரிப்பாளையத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினால், பொழுது சாயும்வரை வண்டிக்கு அடியில்தான் கிடப்பார். ஆனால் வாய் சும்மா கிடக்காது, அதிலும் டிரைவர் நல்லகாமனைக் கண்டுவிட்டால் போதும்.

அந்தப் பக்கத்து விவசாயக் குடிகளும் முஸ்லிம் வீட்டு ஆட்களும் மாமன், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்வது பழைய வழக்கம். முறை வந்துவிட்டால் கேலி கூடவே வந்துவிடும். அருமையாகக் கட்டிய பட்டையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே மேஸ்திரி சொல்வார்: "மாப்ள, இந்தப் பட்டைய நம்பிக் கணவாய் ஏறாத. பாதியில ஒடஞ்சு ஒன்னைய உக்கார வச்சிரும். மலையம்மா வந்துதேன் தூக்கிட்டுப் போகணும்."

மலையம்மாள் நல்லகாமனின் பெண்டாட்டி; சாதிகா மேஸ்திரியின் பெண்டாட்டி. "ஒடஞ்சா ஒன் வீட்டுக்கு வந்து சாதிகா அக்கா கையால சோறு திம்பேன் மாமா" என்று அவன் வண்டியை எடுப்பான். பன்னிரண்டு வருஷமாக இதே பேச்சு. இதைச் சொல்லாமல் அனுப்பினால் மேஸ்திரிக்கு உடம்பு சரியில்லை என்று லாரி ஸ்டாண்டில் பேசிக்கொள்வார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் பங்குனியில், நல்லகாமனின் முதலாளி சிவனாண்டிக்கும் இன்னொரு லாரி முதலாளியான தவசிக்கும் டீக்கடையில் வாய்த்தகராறு. யார் வண்டி வேகம் என்பதுதான் வழக்கு. திருமங்கலம் தாண்டி நேர்கோடாகக் கிடக்கிற ரோட்டில், வெறும் வண்டியை நின்ற இடத்திலிருந்து எடுத்து அரை மைல் ஓட்டுவது என்று முடிவானது. ஜெயித்த வண்டிக்கு அன்றைக்கே முதல் லோடு. தோற்றவன் ஒரு வருஷத்துக்கு லோடு வரிசையில் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். வயது வந்த ஆட்கள் செய்கிற வேலையா இது என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. மேஸ்திரியும் கேட்கவில்லை. உள்ளதைச் சொன்னால் அவருக்கும் ஆசைதான்.

சிக்கல் அவருக்குப் பார்த்ததும் புரிந்தது. பாரம் தாங்கக் கட்டிய பட்டை வெறும் வண்டியில் விறைத்து நிற்கும். கிளச்சைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் ரோட்டைப் பிடிக்காமல் தத்தித் தத்திக் குதிக்கும். ஆகவே பக்கத்துக்கு நான்காக எட்டுப் பட்டைகளைக் கழற்றினார். மிச்சத்தில் முன்பாதியைக் கிளாம்பு போட்டு நெருக்கிக் கட்டினார், அச்சு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க. பின்பாதியைத் தளர்த்தி விட்டார். முன்பக்கம் நல்ல ஷாக் அப்சர்வர்களை எடுத்துவிட்டு, எண்ணெய் ஒழுகி ஓய்ந்துபோன இரண்டைத் தேடிப்பிடித்து மாட்டினார். கிளம்பும்போது மூக்கு தூக்கினால்தான் எடை பின்சக்கரத்தில் விழும். இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அண்ணே, இது ஓடுறதுக்கு மட்டுந்தேன். பட்டைய திரும்ப மாட்டாம லோடு ஏத்தக் கூடாது. முடிஞ்சதும் நேரா பட்டறைக்கு அனுப்பிருங்க" என்று சிவனாண்டியிடம் சொன்னார்.

"அதெல்லாம் வந்துரும் பாய்" என்றார் அவர்.

காலை ஆறரைக்குப் பந்தயம். தவசியின் வண்டி கிளம்பிய இடத்திலேயே நாலு குதி குதித்தது. நல்லகாமன் வண்டி பின்பக்கம் அமுங்கி, ரோட்டைக் கவ்வி, ஒரே பாய்ச்சலாகப் போனது. மேஸ்திரியைத் தோளில் தூக்கினார்கள். அவருக்கு வாழ்நாளில் அப்படியொரு காலை வாய்த்ததில்லை. ஏழு மணிக்குப் பட்டறைக்குத் திரும்பி, எட்டுப் பட்டைகளையும் துடைத்து வைத்துக் காத்திருந்தார்.

பத்தாயிற்று, பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டுக்கு வண்டி வந்தது, மாலையோடும் தேனிக்குப் போகிற நூற்றெண்பது மூட்டைச் சிமெண்டோடும். ஒன்பது டன். பின்பக்கம் சக்கரத்தோடு ஒட்டிக் கிடந்தது. மேஸ்திரி பட்டறையிலிருந்து ஓடிவந்தார். ரோட்டில் இறங்கி வண்டியை மறித்தார்.

சிவனாண்டி பக்கத்து சீட்டிலிருந்து இறங்கினார். "ஒரு லோடுதேன பாய். செயிச்ச வண்டி பட்டறையில நின்னா, ஒடஞ்சு போச்சுன்னு தவசி ஊரெல்லாம் பரப்பிருவான். நாளைக்கு மாட்டிக்கலாம்."

"இறக்கத்துல தாங்காது அண்ணே. ஆளு ஒக்காந்துருக்கான்."

"மாலை போட்ட வண்டிய நிறுத்தி வச்சு இம்புட்டுப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் டீக்கடைக்குள் போய்விட்டார். பெரிய மனுஷர், வேறென்ன சொல்வது.

மேஸ்திரி டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, எறங்கு. இந்தப் பட்டை ஒடஞ்சுரும். கணவாய் ஏறாத."

நல்லகாமன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். "அதானே பாத்தேன். இன்னும் சொல்லலையேன்னு."

"கேலி பண்ணல மாப்ள. அல்லா மேல ஆணையாச் சொல்றேன்."

"இன்னைக்கு ஆணை வேறயா? செயிச்ச கொழுப்பு மாமா ஒனக்கு." கிளீனரும் சிரித்தான், டீக்கடை வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். மேஸ்திரியின் கண் கலங்கியதைப் பார்த்து, என்னமா நடிக்கிறார் என்று ஒருவன் மெச்சவும் செய்தான்.  இருக்கிற வார்த்தைகளையெல்லாம் பன்னிரண்டு வருஷமாகக் கேலிக்கே செலவழித்திருந்தார் மேஸ்திரி. அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டு, "சாதிகா அக்காவ ஒல வைக்கச் சொல்லு, வாரேன்" என்று நல்லகாமன் வண்டியை எடுத்தான்.

அடுத்த தேனி பஸ் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தது. மேஸ்திரி ஏறிக்கொண்டார். போய் என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. உசிலம்பட்டியில் விசாரித்தார்; மாலை போட்ட வண்டி அப்போதே போய்விட்டது என்றார்கள். வழியில் நின்ற ஒவ்வொரு லாரியையும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். ஆண்டிபட்டிக் கணவாய் இறக்கத்தில் பஸ் நின்றது. முன்னால் பத்துப் பதினைந்து வண்டிகள் நின்றன. அவர் இறங்கி ஓடினார்.

பெரிய பட்டை முறிந்து, அச்சு விலகி, வண்டி பாறையில் சாய்ந்து கிடந்தது. ரோடெல்லாம் சிமெண்டு. கிளீனர் எப்படியோ குதித்துத் தப்பியிருந்தான். நல்லகாமனின் இடது கால் உள்ளே மாட்டியிருந்தது. கடப்பாரை வைத்து நெம்பி எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை அவன் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தவர் மேஸ்திரிதான். அவன் நினைவில்லாமல் கிடந்தான். அவர் பேசிக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்று பிறகு அவருக்கு ஞாபகமில்லை.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அவன் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள்தான் மேஸ்திரிக்கு வார்டுக்குள் போகத் துணிச்சல் வந்தது. மலையம்மாள் ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டு, வெந்நீர் வாங்கப் போனாள். 

நல்லகாமன் விட்டத்தைப் பார்த்தபடியே கேட்டான். "மாமா, அன்னைக்கு நீ நெசமாத்தேன் சொன்னியா?"

மேஸ்திரி அவன் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்றால், சொன்னதைக் கேட்காமல் தன் காலைத் தானே தொலைத்தவன் என்று அவன் மிச்ச நாளெல்லாம் நொந்துகொண்டு கிடப்பான். அதை அவரால் தாங்க முடியாது.

"இல்ல மாப்ள. கேலிக்குத்தேன் சொன்னேன். எனக்கே தெரியாமப் போச்சு."

நல்லகாமன் மூச்சை விட்டான். "நானும் அப்பிடித்தேன் நெனச்சேன் மாமா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். வெந்நீரோடு திரும்பி வந்த மலையம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்; பட்டையைக் கழற்றியவருக்கே ஆபத்து தெரியவில்லை என்பதை அப்படியே நம்பிவிட்டாள். அன்றிலிருந்து அவள் மேஸ்திரியோடு பேசவே இல்லை.