வராதவர்களை வென்ற கிண்ணம்

யேசுரட்ணம் இறந்தபோது தமிழ்ச் சங்கம் அடித்த கண்ணீர் அஞ்சலி நோட்டீசில் ஐந்து வரி இருந்தது. நான்கு வரி யாருக்கும் பொருந்தும். அவருக்கென்று எழுதியது ஒரே ஒரு வரி: "2003ஆம் ஆண்டு வெற்றிக் கிண்ணத்தை எமக்கு ஈட்டித் தந்த ஒப்பற்ற கோல் காப்பாளர்." அந்த ஒரு வரிதான் பொய்.

அவர் 1987இல் நோர்வேக்கு வந்தார். வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் ஏழு வருடம் நின்றபடி மீன் வெட்டினார். அங்கிருந்த தமிழர்கள் சேர்ந்து பந்தடித்தது சரளைக்கல் மைதானத்தில். அதில் விழுந்தெழும்ப மற்றவர்களுக்கு மனமில்லை. அதனால் அவர் கோலுக்குள் நின்றார். வலது முழங்கால் கெட்டது அங்கேதான். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, தபால் பிரிக்கும் நிலையத்தில் இரவு வேலைக்குச் சேர்ந்தார்.

சுலபமாகக் கிடைத்த எதையும் அவர் மதித்ததில்லை. குளிர்காலத்தில் நோர்வே பனிச்சறுக்கில் தங்கம் வென்றால் வேலையிடத்தில் கேக் வெட்டுவார்கள். முதல் தங்கத்துக்குப் பெரிய கேக். மூன்றாவதுக்குச் சின்னது. ஐந்தாவதுக்குக் கேக் வாங்கிவர ஒருவரும் எழும்பமாட்டார்கள், வெள்ளைக்காரருக்கே அலுத்துவிடும்.

"உலகத்திலை பனி விழுற நாடு எத்தினை? அதிலை ஓட வாறது எத்தினை?" என்று வீட்டுக்கு வந்து மனைவி வசந்தமலரிடம் கேட்பார். "நாலு பேர் ஓடினால் ஒருத்தன் முதலாவதாய் வரத்தானே வேணும்."

"கேக் சாப்பிட்டனீங்களோ?"

"சாப்பிட்டனான். கேக்கிலை என்ன பிழை?"

அவர் மதித்த எதிரி ஒருவன் இருந்தான். பக்கத்து நகரமான திராமனின் அணியில் ஆடிய இந்திரகுமார். சங்கத்தின் உள்ளரங்க உதைபந்தாட்டப் போட்டியில், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில், அவருடைய ஒஸ்லோ அணியும் திராமனும் ஐந்து இறுதி ஆட்டங்களில் மோதியிருந்தன. ஐந்திலும் திராமன் வென்றது. ஐந்திலும் கடைசிக் கோலை அடித்தவன் இந்திரகுமார். அவனுடைய இடது கால் உதையை யேசுரட்ணம் ஒருமுறைகூடத் தடுத்ததில்லை.

2003இல் அவருக்கு நாற்பத்தாறு வயது. ஏப்ரல் கடைசியில் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை. அதற்குப் பிறகு கோலுக்குள் நிற்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன், மார்ச் முப்பதாம் தேதி, இறுதி ஆட்டம். இந்திரகுமாரின் ஓர் உதையை மறிக்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கிண்ணத்தைச் சங்கத் தலைவர் குலசேகரம் குறொன்லாண்டுக் கடைத்தெருவில் எங்கேயோ வாங்கிவருவார். அதில் பூசியிருக்கும் பொன்நிறம் விரலில் ஒட்டும்.

சனிக்கிழமை அரையிறுதிகள் முடிந்தன. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இறுதி ஆட்டம். பத்து மணிக்கு நோர்வேஜியப் பிள்ளைகளின் ஹாண்ட்போல் பயிற்சிக்கு மண்டபத்தை விட்டுவிட வேண்டும். யேசுரட்ணம் எட்டரைக்கே கையுறையோடு கோலுக்குள் நின்றார்.

ஒன்பது மணிக்குத் திராமன் அணியில் ஒருவரையும் காணவில்லை. குலசேகரம் போன் எடுத்துப் பார்த்தார். இந்திரகுமாரின் போன் அணைந்து கிடந்தது.

ஒன்பது பதினைந்துக்கு நடுவர் விசில் ஊதினார். பதினைந்து நிமிடம் பிந்தினால் தோல்வி என்பது விதி. முந்தின வருடப் பொதுக்கூட்டத்தில் அந்த விதியைக் கொண்டுவந்தவரே யேசுரட்ணம்தான். அதற்கு முந்தின இறுதி ஆட்டம் திராமன் அணியால் ஐம்பது நிமிடம் பிந்தித் தொடங்கியிருந்தது. அவர் இரவு வேலை முடிந்து நித்திரை இல்லாமல் வந்து காத்து நின்றவர். "தமிழன் நேரம் எண்டு சொல்லிச் சொல்லி எத்தினை வருசம் இளிக்கப் போறியள்?" என்று அன்று கேட்டார். எல்லோரும் கைதட்டி நிறைவேற்றினார்கள்.

வெற்றிக்கு ஒரு கோலாவது வேண்டும் என்றார் நடுவர். ஒஸ்லோ அணியின் முன்வரிசை ஆட்டக்காரன் ஜானகிராமன் பந்தை எடுத்துப் போனான். தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்தவன். எதிரில் ஆளே இல்லை. வெறும் கோலுக்குள் பந்தை உருட்டிவிட்டு, முழங்காலில் வழுக்கிப்போய் இரண்டு கையையும் விரித்தான். மற்ற மூன்று பேரும் ஓடிப்போய் அவன்மேல் விழுந்தார்கள். பார்க்க வந்த நாற்பது பேரில் நாலைந்து பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் சாப்பிட ரோல்ஸ் வைத்திருந்த மேசைப்பக்கம் திரும்பினார்கள். ஐந்து வருடம் காத்திருந்த வெற்றி.

"என்ன சார், நம்ம கப் சார்! சிரிங்களேன்!" என்றான் ஜானகிராமன்.

"ஆரை வெண்டனீர்?"

"ரூல் ரூல்தானே சார்? நீங்க போட்ட ரூல்தானே?"

யேசுரட்ணம் கையுறையைக் கழற்றாமல் கோலுக்குத் திரும்பினார். படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றார்.

ஒன்பது நாற்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. திராமன் அணி முழுதும் உள்ளே வந்தது. இந்திரகுமார் முன்னால் வந்தான், சிரித்த முகத்தோடு.

"அண்ணை, பாத்தீங்களோ? கால்மணித்தியாலம் முந்தி வந்திட்டம். இந்த முறை எங்களை ஒண்டும் சொல்லேலாது."

யேசுரட்ணம் சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். இந்திரகுமார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு தன் ஆட்களைப் பார்த்தான். எல்லோரும் முந்தின இரவு ஒஸ்லோவில், அம்மருட்டில், அவனுடைய மச்சான் வீட்டு ஹோலில் படுத்தவர்கள். ஒரு வீடு, ஒரு அலாரம். அன்று அதிகாலையில் கோடைநேரம் தொடங்கி நாடு முழுதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தது. அந்த வீட்டில் ஒருவரும் தள்ளவில்லை.

"மடையங்கள்," என்றார் யேசுரட்ணம். "பதினைஞ்சு வருசமாய் இந்த நாட்டிலை இருக்கிறியள்."

"பிழைதான் அண்ணை."

"சரி, பந்தை எடு. கால்மணித்தியாலம் இருக்கு. பெனால்டி அடிப்பம்."

குலசேகரம் ஒலிவாங்கியோடு ஓடிவந்தார். "யேசு, முடிவு அறிவிச்சாச்சு. இனி நன்றியுரை."

"நீர் நன்றியைச் சொல்லும். நாங்கள் அங்காலை நிண்டு அடிக்கிறம்."

"கிண்ணம் உங்களுக்குத்தானே ஐசே. பிறகென்ன?"

"அதைக் கொண்டுபோய் அதுக்குள்ளை பூ வையும்."

ஒஸ்லோ அணியில் ஒருவரும் வரவில்லை. அவர்கள் கிண்ணத்தில் கோலா ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். குலசேகரம் மண்டபத்தின் ஒரு முனையில் பேசத் தொடங்கினார். மற்ற முனையில் யேசுரட்ணம் கையுறையை இறுக்கினார். இந்திரகுமார் பந்தை வைத்தான்.

முதல் உதை நேரே அவர் நெஞ்சுக்கு வந்தது. பிடித்தார். திராமன்காரர் கைதட்டினார்கள்.

இரண்டாவது அதைவிட மெதுவாக, கைக்கு எட்டும் இடத்தில் உருண்டு வந்தது. மறுபடியும் கைதட்டினார்கள்.

யேசுரட்ணம் பந்தை இடுக்கிக்கொண்டு நொண்டியபடி முன்னால் வந்தார்.

"என்னடா இது? பிள்ளைக்குச் சோறு தீத்துறியோ?"

"இல்லை அண்ணை..." இந்திரகுமார் நிலத்தைப் பார்த்தான். "நேற்று அண்ணி சொன்னவ. முழங்கால் வெட்டப் போறாங்களாம், இனி விளையாட மாட்டீங்களாம் எண்டு. அதுதான் ஒரு மரியாதைக்கு..."

யேசுரட்ணம் திரும்பி வசந்தமலரைப் பார்த்தார். மனைவி பார்வையாளர் வாங்கில் தனியே இருந்தார். தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரியாதையை வீட்டுக்குக் கொண்டுபோ," என்றார் யேசுரட்ணம். "அஞ்சு வருசம் நீ என்னை வெண்டனீ. ஒவ்வொரு முறையும் வீட்டை போய், இவன் கெட்டிக்காரன் எண்டு நினைச்சனான். இப்ப அதையும் பொய்யாக்காதை."

இந்திரகுமாரின் முகம் மாறியது. பந்தை வாங்கினான். புள்ளியில் வைத்துவிட்டு, வழமையாகப் போகும் தூரத்துக்குப் பின்னால் போனான்.

மூன்றாவது உதை வலது மேல் மூலைக்குள் போனது. யேசுரட்ணம் அசைவதற்குள் வலை ஆடி நின்றுவிட்டது. அவர் பந்தை எடுத்து உருட்டிவிட்டார்.

"அது சரி. அடுத்தது."

மணி ஒன்பது ஐம்பத்தேழு. கதவடியில் ஹாண்ட்போல் பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஒலிவாங்கியில் ரோல்ஸ் தந்த குடும்பத்துக்கு நன்றி போய்க்கொண்டிருந்தது.

இந்திரகுமார் ஓடிவந்தான். இடது கால். பந்து தரையோடு, இடப்பக்க மூலைக்குப் போனது. யேசுரட்ணம் வலது காலை ஊன்றிப் பாய்ந்தார். முழங்காலில் ஏதோ பிசகியது. நீட்டிய கையின் மணிக்கட்டில் பந்து பட்டு, கம்பத்தில் மோதி வெளியே போனது.

ஒருவரும் கைதட்டவில்லை. திராமன்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கிண்ணக்காரர் திரும்பியும் பார்க்கவில்லை. வசந்தமலர் மட்டும் எழும்பி நின்றார்; அவர் பார்த்தது கணவரின் காலை.

யேசுரட்ணம் வேறு யாரையும் பார்க்கவில்லை. தரையில் கிடந்தபடி இந்திரகுமாரைத்தான் பார்த்தார். அவன் தலையில் கையை வைத்தான். பிள்ளைகள் நிற்பதையும் மறந்து நோர்வேஜிய மொழியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு சுவரடிக்குப் போய்ச் சுவரைக் காலால் உதைத்தான். ஒருமுறை. இன்னொருமுறை, அதைவிடப் பலமாக.

"அண்ணை, எழும்புங்கோ," என்று யாரோ கை நீட்டினார்கள்.

"கொஞ்சம் பொறு," என்றார் யேசுரட்ணம். இந்திரகுமார் மூன்றாவது முறை உதைக்கும்வரை பார்த்துக்கொண்டே கிடந்தார்.