ஐஸ் பெட்டிக்குள் வைத்த மருந்து

ஐஸ் என்றால் எனக்கு இன்றும் ஆகாது. கல்யாண வீட்டில் சர்பத்துக்குள் ஒரு துண்டு மிதந்தாலும் கிளாஸை வைத்துவிட்டு எழும்பிவிடுவேன். எடுப்புக்காரி, பெருமை பிடித்தவள் என்பார்கள். சொல்லட்டும்.

என் மகளுக்கு ஒன்பது வயதில் சீனி வருத்தம் வந்தது. வயது போனவர்களுக்கு வருவது பிள்ளைக்கு எப்படி வந்தது என்று எங்கள் ஊர் சாம்பல்தீவே என்னைக் கேட்டது, நான்தான் சீனியை அள்ளி ஊட்டியதுபோல. காலையும் மாலையும் இன்சுலின் போடாவிட்டால் பிள்ளை இருக்காது என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து, ஊசி, இரத்தச் சோதனை எல்லாம் இலவசம். மீன்பிடித்துச் சீவிக்கும் எங்களுக்கு அந்த ஆஸ்பத்திரிதான் கோயில்.

மருந்தைக் குளிராக வைக்கவேண்டும். ஊரில் கரண்ட் இல்லை. அவர்களே சொல்லித் தந்தபடி ஈர மணல் நிரப்பிய பானைக்குள் போத்தலைப் புதைத்து வைப்பேன். பிள்ளையும் ஓடியாடித் திரிந்தாள்.

பிறகு சண்டை மூண்டது. டவுன் பாதையை ஆமிக்காரர் எப்போது பூட்டுவார்களோ தெரியாது என்று கிளினிக்கில் சில மாதத்து மருந்தை ஒன்றாகத் தந்தார்கள்.

"கவனமாக் குளிருக்குள்ள வையுங்கோ. பழுதாப்போனா இனி எப்ப தரேலுமோ தெரியாது" என்றார் நர்ஸ்.

அந்தச் சொல் என் கணவரைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் பானையைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த வெயிலுக்கு மண் காணாது. ஐஸுக்குள்ள மீனே கெடாமக் கிடக்குது, மருந்து கிடக்காதோ?"

எங்கள் கரையில் அதை மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? பாவிக்கிற போத்தலைப் பானையிலேயே விட்டுவிட்டு, புதியவற்றைத் தன் மீன் பெட்டிக்குள் அடுக்கினார். பாரை மீனுக்குச் செய்வதுபோல ஐஸை நொறுக்கி, உப்பும் தூவி மூடினார். லொறியில் ஐஸ் வந்தவரை தினமும் மாற்றினார். பாதை பூட்டியதும் லொறி நின்றது. போத்தல்கள் பானைக்குத் திரும்பின. பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

பழைய போத்தல் முடிந்து புதியதைத் தொடங்கினோம். பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று கேட்கத் தொடங்கினாள். கண் உள்ளே போனது. நான் ஊசியைக் கூட்டிப் போட்டேன். வருத்தம் ஒன்றுக்கும் கேட்கவில்லை. கை நிறைய மருந்து இருக்க என் பிள்ளை என் கண்முன் வற்றிக்கொண்டிருந்தாள். பாதையில் ஆமிக்காரரின் சென்ட்ரியில் காலில் விழாத குறையாகக் கெஞ்சினோம். "ஏலாது, ஊரடங்கு" என்று திருப்பி அனுப்பினார்கள். கடவுளை அன்று நான் திட்டிய திட்டு கொஞ்சமல்ல.

பாதை திறந்த அன்று காலை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டொக்டர் எங்கள் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எங்க வைச்சிருந்தனீங்கள்?"

"ஐஸ் பெட்டிக்குள்ள, டொக்டர். நல்லா உறையத்தான் வைச்சனான்" என்றார் என் கணவர், பாராட்டை எதிர்பார்த்தவர்போல.

"உறைஞ்சா இன்சுலின் வேலை செய்யாது, ஐயா. இது இப்ப வெறும் தண்ணிதான்."

நல்ல மருந்து ஏற்றினார்கள். பிந்திவிட்டது. மத்தியானம் பிள்ளை போய்விட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குச்சவெளியிலிருந்து என் அண்ணன் மறுநாள்தான் வரமுடியும். அதுவரை உடல் தாங்காது என்று அயலவர்கள் கதைத்தார்கள். ஐஸ் லொறி அன்றுதான் திரும்ப வந்திருந்தது. லொறிக்காரர் இரங்கி, கேட்காமலே இரண்டு கட்டிகளைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார்.

பிள்ளையின் தலைமாட்டில் இருந்த என் கணவர் எழும்பி வந்தார். கட்டிகளைக் கட்டிப்பிடித்துத் தூக்கித் தெருவில் எறிந்தார்.

"என்ர பிள்ளைக்குக் கிட்ட இதைக் கொண்டுவராதேங்கோ!"

அண்ணனுக்காக நாங்கள் காத்திருக்கவில்லை. பொழுதுபடமுன் கடற்கரைப் பக்கம் குழி வெட்டினார்கள். என் கணவர் அதற்குள் இறங்கி, மணல் ஈரமாக இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தார்.