சகலையின் நீலக் கையுறை

பட்டறையில் எல்லாரும் அவரை ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை இல்லாத நேரத்திலும் கையில் ஒரு ஸ்பானர் இருக்கும்; அதை நீட்டி நீட்டித்தான் பேசுவார். உள்ளங்கை வெடிப்புகளில் கிரீஸ் ஊறிக் கிடக்கும். எந்தச் சோப்புக்கும் மசியாத கறுப்பு. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தனக்குள் பொறாமை என்று ஒன்று இருப்பதே சகலை வந்து சேரும்வரை அவருக்குத் தெரியாது. மனைவியின் தங்கை கணவர். அவரும் கார் மெக்கானிக்தான். வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள் என்று கொழுந்தியாள் வந்து கண்ணைக் கசக்கியபோது, முதலாளியம்மாவிடம் பேசி அவரைச் சேர்த்துவிட்டதே ஸ்பானர்தான்.

வந்த முதல் நாள் சகலை பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். அதிலிருந்து நீல நிறத்தில் மெல்லிய கையுறைகளை உருவி மாட்டிக்கொண்டார்.

"என்ன தம்பி, ஆபரேஷனா? பேஷன்ட் பிழைப்பானா?" என்றார் ஸ்பானர்.

பட்டறையே சிரித்தது. சகலையும் சேர்ந்து சிரித்தார். "பழைய இடத்துல பிரேக் ஆயில் பட்டுப் பட்டு கையெல்லாம் புண்ணாயிடுச்சு அண்ணே. அதான்."

அன்றே அவருக்கு 'டாக்டர்' என்று பெயர் வைத்தார் ஸ்பானர். கிண்டலுக்கு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் கிண்டல் மட்டும் எப்படியோ உதிர்ந்துபோனது. காரை ஓரம்கட்டி இறங்குகிறவர்கள், "டாக்டர் இருக்காரா? அவர் பார்த்தா நல்லது" என்று கேட்க ஆரம்பித்தார்கள். டாக்டர் கை வைத்த காரில் ஸ்டியரிங்கில் ஒரு விரல் தடம் இருக்காது; கதவில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது.

"ஸ்பானர், வெளிர் சீட்டு வண்டியெல்லாம் இனிமே டாக்டர் பார்க்கட்டும். நீ அந்தப் பழைய வேனைக் கவனி" என்றார் முதலாளியம்மா. சாதாரணமாகத்தான் சொன்னார். ஸ்பானருக்கு அந்த 'டாக்டர்' காதில் குத்தியது. தன் வாயாலேயே பட்டம் கொடுத்து, தானே அதைக் கேட்டுக் கருகவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஸ்பானர் சகலையின் முகத்தை விட்டுவிட்டு அவர் கையையே பார்க்கத் தொடங்கினார். சாயங்காலம் அந்த நீலத்தை உரித்துப் போட்டால் உள்ளே இருப்பது ஒரு குமாஸ்தாவின் கை. தண்ணீரில் ஒரு அலசு, வேலை முடிந்தது. ஸ்பானரோ மண்ணெண்ணெயில் தேய்த்து, சோப்புப் பவுடரில் தேய்த்து, தோல் எரிய வீட்டுக்கு வருவார்.

"தங்கச்சி வீட்டுல துண்டெல்லாம் வெள்ளையாவே இருக்குங்க" என்றாள் மனைவி ஒருநாள், துணி மடித்துக்கொண்டே.

"அப்ப அங்கேயே போய் முகம் துடைச்சுக்கோ."



மச்சினனுக்குக் குழந்தை பிறந்தது. எல்லாரும் பார்க்கப் போனார்கள். ஸ்பானர் மூத்த மாப்பிள்ளை. முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினார். மாமியார் அந்தக் கைகளை ஒருதரம் பார்த்தாள். "மாப்ளே, பச்சைக் குழந்தை தோலு. உங்க கை கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும். அப்புறமா வாங்கிக்குங்க" என்று சொல்லி, குழந்தையைச் சகலை மடியில் வைத்தாள். குழந்தை சுகமாகத் தூங்கியது. ஸ்பானர் போனில் யாரோ கூப்பிட்ட மாதிரி வெளியே போய் வெகுநேரம் நின்றார்.

மறுநாள் அவரும் கையுறையோடு வந்தார். நீலம் இல்லை, மெல்லிசும் இல்லை. தோலும் துணியும் சேர்த்துத் தைத்து, மணிக்கட்டுவரை ஏறும் தடித்த சாமான். கடையில் இருந்ததிலேயே பெரியது.

சகலை பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, டயர் கழட்ட, சைலன்சர் தொட இது நல்லது. ஓடுற எஞ்சின்கிட்ட மட்டும் வேணாம். சிக்கினா இழுத்துக்கும்."

"உன்னைவிடப் பெரிசா நான் போட்டிருக்கேன்னு பொறுக்கலையா?"

சகலை முகம் சுண்டிப்போனது. தன் வண்டிப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

மதியத்துக்கு முன் ஒரு கார் கீச்சுச் சத்தத்தோடு வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பானெட்டைத் தூக்கி, ஃபேன் பெல்ட் பக்கம் விரலை நீட்டிக் காட்டினார் ஸ்பானர். தொளதொளவென்று இருந்த கையுறையின் நுனியைப் பெல்ட் கவ்வியது. கத்தக்கூட நேரமில்லை. அதற்குள் எஞ்சின் நின்றது. கார் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை நுழைத்துச் சாவியைத் திருப்பியிருந்தார் சகலை.

இரண்டு விரல் எலும்பு உடைந்தது. விரல்கள் போகவில்லை, அதுவே பெரிய விஷயம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வலியின் உச்சத்திலும் ஸ்பானருக்கு ஒரே ஒரு நினைப்புதான்: வேறு யாராவது சாவியைத் திருப்பியிருக்கக் கூடாதா?

கட்டுப் போட்டு வீட்டில் கிடந்த நாட்களில் சகலை தினமும் வந்தார். பட்டறையில் ஸ்பானரின் பங்கு வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தார். 'அன்னைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்வார், உடனே சண்டையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார் ஸ்பானர். அந்த வார்த்தை வரவே இல்லை. கடைசியில் அதற்கும் பொறாமையாக இருந்தது. தானாக இருந்தால் ஊரெல்லாம் சொல்லித் தீர்த்திருப்பாரே!

பொறுக்கமுடியாமல் அவரே கேட்டார்: "ஏன் தம்பி சொல்லிக்காட்ட மாட்டேங்கிற?"

"சொல்லிக்காட்டினா எலும்பு சீக்கிரம் கூடிடுமா? காப்பி ஆறுது, குடிங்க அண்ணே."

மனைவி அடுக்களையில் சிரிப்பது கேட்டது. ஸ்பானருக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது மெல்லிய கையுறைதான் போட்டுக்கொண்டார். ஆனால் நீலத்தைத் தொடமாட்டேன் என்று அலைந்து திரிந்து, விரல் பகுதியில் சொரசொரப்பான பிடிமானம் உள்ள கறுப்பு வகையைக் கண்டுபிடித்திருந்தார். எண்ணெய் பட்ட நட்டும் அதில் வழுக்கவில்லை.

சகலை அதையே இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்தார். "அண்ணே, இது எங்க கிடைச்சது? என்னோடதைவிட நல்லா இருக்கே."

அந்தக் குரலில் இருந்த லேசான ஏக்கம் ஸ்பானரின் காதில் தேனாகப் பாய்ந்தது. "அதெல்லாம் எல்லாருக்கும் கிடைக்காது தம்பி" என்றார். கடையைச் சொல்லாமலே அந்த வாரம் முழுக்க இழுத்தடித்தார். அவ்வளவு உற்சாகமாக அவர் வேலை செய்து பட்டறையில் யாரும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் இரண்டு பெட்டி வாங்கிவந்து, ஒன்றைச் சகலையின் மேசையில் தொப்பென்று போட்டுவிட்டு, வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.