இரும்புத் தண்டை

பெண்பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். என் மாமா எனக்குச் செய்த முதல் சீர் நான்கு இரும்பு வளையங்கள். ஒரு பஸ்ஸின் எஞ்சினிலிருந்து உருவியவை. காலுக்கு இரண்டாக மாட்டிக்கொண்டு, தண்டை போட்ட பெருமையில் மதுரையில் எங்கள் காளவாசல் முழுக்க ஓடினேன்.

அப்பாவும் பெரியப்பாவும் அப்போது ஒரே வீட்டில்தான் குடும்பம் நடத்தினார்கள். அப்பாவுக்கு மில் வேலை. பெரியப்பா பஸ் டிரைவர். முன்பு மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். மோட்டார் வந்து அந்தப் பிழைப்பைத் தின்றதும் மோட்டாரையே பிடித்துக்கொண்டார். என் அம்மாவின் தம்பியை அதே முதலாளியின் ஷெட்டில் மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டதும் அவர்தான். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் எனக்கு இரண்டு அம்மா. அடிப்பது ஒருத்தி, தூக்கி வைத்துக்கொள்வது ஒருத்தி.

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்கோவில் சாலையில் யார் ஆள் ஏற்றுவது என்று இரண்டு முதலாளிகளுக்குள் அடிதடி. ரேக்ளாப் பந்தயத்துக்குப் பெரிய மாடு, சின்ன மாடு என்று பிரித்துச் சட்டம் பேசிப் பழகிய ஊர் அல்லவா, பஸ்ஸுக்கும் அதே மாதிரி சட்டம் வைத்தார்கள். இரண்டும் ஒரே கம்பெனி தயாரித்த வண்டி, ஒரே அளவு எஞ்சின். எஞ்சினில் எதையும் கூட்டக் கூடாது, மாற்றக் கூடாது. ஆள் ஏற்றாமல் ஓட்டிக் கோவிலை முதலில் தொடுகிற வண்டிக்குத் திருவிழா முழுக்கச் சாலை சொந்தம். எஞ்சினை மூடுகிற பானெட்டைக் கயிற்றால் கட்டி, அரக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். திருவிழா முடிவதற்குள் முத்திரை உடைந்தால் தோற்றதாகக் கணக்கு. தோற்றால் வண்டியை விற்றுவிடுவேன் என்று எங்கள் முதலாளி சொல்லிவிட்டார். வண்டி போனால் பெரியப்பாவுக்குப் பிழைப்பு போச்சு. திரும்பிப் போக மாடும் இல்லை.

முத்திரை வைப்பதற்கு முந்தின நாள் மத்தியானம், சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது.

"பிஸ்டன் மேல மூணு நாலு ரிங்கு மாட்டியிருக்குல்ல மச்சான், அது சிலிண்டர உரசிக்கிட்டேதான் ஏறி எறங்கும். அந்த உரசல்லயே எஞ்சின் சத்து எம்புட்டோ போயிருது" என்றார் மாமா. கரண்டிக் காம்பைச் சுற்றி விரலை வளையமாக்கிக் காட்டவும் செய்தார்.

பெரியப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "கூட்டக் கூடாது, மாத்தக் கூடாதுன்னாங்க. எடுக்கக் கூடாதுன்னு எவனும் சொல்லலையே மாப்ள."

"எடுத்தா வண்டி பறக்கும், இல்லேங்கல. ஆனா அடி ரிங்கு இல்லேன்னா எஞ்சின் எண்ணெயக் குடிச்சிரும். ஓட்டம் முடிஞ்சதும் திருப்பி மாட்டியாகணும். முத்திரைய வச்சுக்கிட்டு எப்புடி மாட்டுறது? எண்ணெய்கூட ஊத்த முடியாது மச்சான்."

"திருவிழா முடியிற மட்டும் தாங்காதா?"

"தாங்காது."

"தாங்கும்டா. நான் பதமா ஓட்டுறேன்."

வேலை வாங்கிக் கொடுத்தவர் கேட்கிறார். மாமாவால் மறுக்க முடியவில்லை. பிஸ்டனுக்கு ஒன்றாக அடியிலிருந்த ரிங்குகள் நான்கை உருவி, மண்ணெண்ணெயில் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஷெட்டில் கிடந்தால் எவன் கண்ணிலாவது படும் என்று பயந்திருப்பார். நான் எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டேன். பெரியம்மா பார்த்துவிட்டு, "ஏ ஆத்தி, மகராணிக்குத் தண்டையப் பாரு!" என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

பந்தயத்தில் எங்கள் பஸ் ஜெயித்தது. எதிராளி வண்டி கண்ணுக்கெட்டாத தூரத்தில் வந்ததாம். பெரியப்பாவுக்கு மாலை போட்டுத் தூக்கி வந்தார்கள். ஊரே சிரித்தது, மாமாவைத் தவிர. பஸ் எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் அவர் அதன் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"ஏன் மாமா நம்ம பஸ்ஸு நீலமாப் பொகையுது?" என்று கேட்டேன்.

"சாமிக்குப் போற வண்டில்ல, சாம்பிராணி போடுது" என்றார். சொன்னவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்புவதற்குள் எஞ்சினில் எண்ணெய் வற்றிவிட்டது. கோவிலில் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, கண்மாய்க்கரை மேல் எஞ்சின் இறுகி நின்றது. பின்சக்கரங்கள் அப்படியே பூட்டிக்கொள்ள, பஸ் வழுக்கிக் கரையிலிருந்து உருண்டது. கண்மாய் வறண்டு கிடந்தது. கீழே எல்லாம் கல். பெரியப்பாவின் உடலைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பஸ்ஸில் உடையாமல் மிஞ்சியது அந்த அரக்கு முத்திரை ஒன்றுதான் என்று பேசிக்கொண்டார்கள்.

கேதத்துக்கு வந்த கூட்டத்தில் எதிராளியின் ஆட்களும் இருந்தார்கள். "எஞ்சினப் பிரிச்சுப் பாக்கணும்ணே. ஏதோ எடுத்திருக்கானுக" என்று ஒருவன் வாசலில் சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே கிழவிகள் பெரியம்மாவின் கண்ணாடி வளையல்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா அப்போதுதான் உள்ளே வந்தார். அழ வாயைத் திறந்தவர் என் காலைப் பார்த்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அவர் பார்த்ததை அம்மாவும் பார்த்துவிட்டாள்.

என்னைத் தரதரவென்று கொல்லைக்கு இழுத்துப் போனாள். நான்கையும் கழற்றி, துவைக்கிற கல்லில் வைத்து அம்மிக் குழவியால் அடித்தாள். இரும்பு வளையும் என்று நினைத்திருந்தேன். உள்ளே உடைந்த வளையலைப் போலவே அதுவும் படக்கென்று ஒடிந்தது. துண்டுகளைக் கிணற்றில் போட்டாள். நான் அழவில்லை. செத்த வீட்டில் போட்டிருப்பதையெல்லாம் உடைப்பார்கள் போலிருக்கிறது, இப்போது என் முறை என்று எண்ணிக்கொண்டேன்.

முதலாளி எஞ்சினைப் பிரிக்கவே விடவில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, விதி என்றார். ஊரும் விதி என்றது. விதி வந்தா மறுத்துப் பேசப் போகிறது? மாமா கொழும்புக்குப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. எனக்கு விவரம் தெரிந்து, இது இன்னது என்று விளங்குவதற்குள் அவர் செத்தும் போனார்.

அன்று நான் கொல்லையிலிருந்து வந்ததும் பெரியம்மா என்னை மடியில் இழுத்துக்கொண்டாள். வெறும் கையால் என் வெறுங்காலைத் தடவிப் பார்த்தாள்.

"ஒனக்குமாடி ஒடைச்சுட்டாங்க? எம்புருசன் செத்ததுக்குப் பச்சப்புள்ள காலுல கெடந்ததையுமா ஒடைக்கணும்?" என்று என் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

அதுவரை கல்லாக நின்றிருந்த அம்மா பெரியம்மாவின் காலில் விழுந்தாள். "அக்கா, அக்கா" என்று மட்டும் அரற்றினாள். நான்கு பேர் பிடித்துத் தூக்கியும் எழுந்திருக்கவில்லை.

"ஓரகத்தி மேல இம்புட்டுப் பாசமா!" என்று கிழவிகள் மூக்கில் விரல் வைத்தார்கள். நானும் அதைப் பாசம் என்றுதான் நினைத்தேன்.