நத்தம் - கொட்டாம்பட்டி ரோட்டு ஆண்டிச்சாமி அண்ணன்

ஆண்டிச்சாமி அண்ணன் இன்று காலையில் போய்விட்டார். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

நத்தம் - கொட்டாம்பட்டி ரோட்டில் சாலைப் பணியாளர். அதே ரோட்டுக்கு நான் சாலை ஆய்வாளர். நாலுவழிச் சாலையில் பறக்கிறவர்களுக்கு இப்படி ஒரு ரோடு இருப்பதே தெரியாது. புளியமரம், வளைவு, பள்ளம்... அவ்வளவுதான்.

பள்ளத்துக்குத் தார் வர மாதக்கணக்காகும். அதுவரைக்கும் கிராவலைக் கொட்டி மிதித்துவிட்டு, பைக்கில் வருகிறவன் தூரத்திலேயே பார்க்கட்டும் என்று ஒரு வேப்பங்கொப்பை நட்டு வைப்பார். வாடினால் மறுநாள் புதுக் கொப்பு.

ரோட்டோரப் புளியமரங்களுக்கு வெள்ளையடித்து நம்பர் எழுதுவது எங்கள் வேலைதான். ஒருதடவை எழுதிக்கொண்டே போனவர், ஒரு விவசாயியின் பட்டா நிலத்து மரத்துக்கும் நம்பர் போட்டுவிட்டார்.

"எம் மரத்த எப்ப சார் கவர்மெண்டு எடுத்துச்சு?" என்று அந்த ஆள் என்னைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் அசரவே இல்லை. "நெழலு ரோட்டுலதான விழுகுது... நம்ம மரம்னு நெனச்சுட்டேன் சார்." சண்டைக்கு வந்தவரே சிரித்துவிட்டார்.

அண்ணன் வீடு அலங்காநல்லூர் பக்கம். தினமும் ரெண்டு பஸ் மாறி வரவேண்டும். மூட்டுவலி வேறு. ஊர்ப்பக்கமே டிரான்ஸ்ஃபர் கேட்டு ரெண்டு வருஷம் முன்பு என்னிடம் மனு கொடுத்தார்.

நான் அதை மேலே அனுப்பவே இல்லை.

அவர் போய்விட்டால் அந்த ரோட்டைப் பார்க்க வேறு ஆள் கிடையாது. எனக்குத்தான் தலைவலி. கேட்கும்போதெல்லாம் "பாத்துக்கிட்டுதாண்ணே இருக்கேன், இந்த மழை முடியட்டும்" என்பேன். "ஒங்களுக்குத் தெரியாததா சார்" என்று மம்பட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார்.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் சம்சாரம் என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டுச் சொந்தக்காரர்களிடம் சொன்னார்: "இந்த சார்தான்... எங்க வீட்டுக்காரருக்கு மாறுதல் வாங்கித் தர எம்புட்டு அலஞ்சாக தெரியுமா? தெனமும் சொல்லுவாரு."

எல்லாரும் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார்கள். நானும் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். அலுப்பாக இருக்கிறது. என் மேலேயே வெறுப்பாகவும் இருக்கிறது.

ஒருநாள்கூட அலையவில்லை அண்ணே. அங்கே சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன்.

போயிட்டு வாங்கண்ணே.