கரடி மேல் கட்டிய பிராது

நாற்பத்தேழு வயதில் கரடியாகப் போகத் துணிந்தவர் விருத்தாசலத்தில் சாமிதுரை ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பி.இ. படித்த பிள்ளைகள் பிரியாணிப் பொட்டலத்தை முதுகில் கட்டிக்கொண்டு பறக்கிற காலம் இது. எட்டாவதோடு நிறுத்தியவருக்குக் கரடி வேலை கிடைத்ததைக் கௌரவமான நியமனம் என்றே சொல்ல வேண்டும்.

இருபத்திரண்டு வருசம் அவர் ஒரு பீங்கான் பட்டறையில் சூளை பார்த்தவர். கரண்டு பீஸ் கட்டை, அகல் விளக்கு, பொம்மை என்று எது வந்தாலும் அடுக்குவார், சுடுவார், ஆறியதும் இறக்குவார். போன வைகாசியில் முதலாளி கூப்பிட்டு, "கொஞ்ச நாளு வூட்ல இருங்க சாமிதுர, ஆர்டர் வந்ததும் ஆள் அனுப்புறேன்" என்றார். அந்தக் கொஞ்ச நாளுக்குப் பத்து மாதம் முடிந்து பதினொன்றாவது நடந்துகொண்டிருந்தது. நடுவில் கரும்பு வெட்டப் போனார், ரயிலடியில் மூட்டை தூக்கினார். மகள் வெண்பா பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு, நர்சிங் படிக்கப்போகிறேன் என்று வீட்டுக்குள் ஏற்கெனவே எல்லோருக்கும் நாடி பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அவர் தெருப் பையன் திலீபன் போன் செய்தான். சென்னைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தீம் பார்க்கில் அவன் ராட்டினம் ஓட்டுகிறான். கோடை விடுமுறைக்குக் கூட்டம் வரும். கரடி வேஷம் போட்டுப் பிள்ளைகளோடு போட்டோவுக்கு நிற்க ஆள் வேண்டும். போன கரடி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. சூப்பர்வைசர் வீடியோ காலில் வந்து கேட்டது ஒரே கேள்வி.

"வெயில் தாங்குவீங்களா?"

"சார், ஆயிரத்து இருநூறு டிகிரி சூளைக்குப் பக்கத்துல இருபத்திரண்டு வருசம் நின்னவன் நானு. உங்க வெயிலு எனக்கு ஏசி மாதிரி."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். சிரித்தால் வேலை உறுதி என்று அர்த்தம். "திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு இங்க இருக்கணும். இல்லன்னா அடுத்த ஆளு" என்று அவர் சொன்னது மூன்று வாரம் தள்ளி வரும் திங்கட்கிழமையை.

ஆனால் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டுமானால் அதற்கு முன்பே சம்பாதித்து வைத்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். கரடித் தோலுக்கு டெபாசிட். அறைக்கு முன்பணம். டாக்டர் சர்ட்டிபிகேட், போலீஸ் சர்ட்டிபிகேட். கருப்பு ஷூ ஒரு ஜோடி. கரடிக் காலுக்குள் இருக்கும் ஷூவை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கக் கூடாது, அது விதி. முதல் சம்பளம் அடுத்த மாதம் பத்தாம் தேதி என்பதால் அதுவரை வயிற்றுக்கும் வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒன்பதாயிரம்.

சாமிதுரை திரட்டிய விதத்தை அரசாங்கம் பார்த்தால் நிதித்துறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கும். முடியாத சீட்டைத் தள்ளி எடுத்தார். அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸிக்கு மங்கலம்பேட்டையில் ஒரு விலை இருப்பதைக் கண்டுபிடித்தார். பட்டறையில் கழித்துப் போட்ட பொம்மைகளை முதலாளியிடம் கேட்டு ஒரு சாக்கில் அள்ளிவந்து, பஸ் ஸ்டாண்ட் வாசலில் துண்டு விரித்து உட்கார்ந்தார். மூக்கு உடைந்த செட்டியாரை "வயசானவரு, அப்படித்தான் இருப்பாரு" என்று விற்றார். கொம்பில்லாத மாட்டைக் கன்றுக்குட்டி என்றார். தும்பிக்கை போன யானை ஒன்றுதான் கடைசிவரை போகவில்லை. எருமை என்று சொல்லிப் பார்த்தார்; வாங்க வந்த அம்மாள், "எருமைக்கு ஏதுய்யா இவ்ளோ பெரிய காது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மனைவி அம்புஜவல்லி வீட்டிலேயே பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். பட்டறையிலிருந்து வெள்ளையாக வரும் பொம்மைக்குப் புருவம், இமை, கருமணி வைத்துக் கொடுத்தால் எண்ணிக்கைக் கூலி. மிக்ஸி போனபோது அம்மியைக் கழுவினாள். சீட்டைத் தள்ளி எடுத்தபோது தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். பணம் சேரச் சேரச் சமையற்கட்டில் இருந்த ஊறுகாய் ஜாடிக்குள் போயிற்று.

வியாழக்கிழமை காலையில் ஜாடியைத் திறந்தால், ஜாடி மட்டும் இருந்தது.

சாமிதுரை மூடியைத் திரும்பப் போட்டு, மறுபடி திறந்து பார்த்தார். பிறகு தெருவுக்கு வந்து நின்றார். பால்காரர், கேஸ் சிலிண்டர் பையன், திலீபனின் அம்மா, எதிர் வீட்டுக் கிழவர் என்று யாரைப் பார்த்தாலும் அந்த முகத்தில் ஒன்பதாயிரம் தெரிந்தது.

போலீசுக்குப் போகலாம். ஆனால் போலீஸ் சர்ட்டிபிகேட்டே அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. மறுபடி அந்தப் படி ஏறினால் அதையும் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்று பயம். இந்த ஊர்க்காரருக்கு வேறொரு ஸ்டேஷனும் உண்டு. மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். பொருள் தொலைந்தவர்களும் ஏமாந்தவர்களும் வெள்ளைத்தாளில் மனு எழுதி, சாமி முன் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவார்கள். பிராது கட்டுவது என்று அதற்குப் பெயர். வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. தொண்ணூறு நாளில் தீர்ப்பு.

"எழுதும்மா" என்று வெண்பாவை உட்காரவைத்தார். "எம் பணத்த எடுத்தது யாரா இருந்தாலும் அவங்க கை வெளங்காம போவணும்."

"அப்பா, மனசு திருந்தணும்னு எழுதட்டா?"

"திருந்துறதுக்குத் தொண்ணூறு நாளு பத்தாதும்மா. கைன்னு எழுது."

வெண்பா கை என்று எழுதினாள். சமையற்கட்டில் பாத்திரம் ஒன்று உருண்டது.

பகலிலேயே சைக்கிளில் போய்ப் பிராதைக் கட்டிவிட்டு, திருநீறோடு திரும்பினார். மகள் நெற்றியில் வைத்தார். மனைவி பக்கம் கையை நீட்டினார். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"எனக்கு வேணாங்க."

"ஏன்?"

"குளிக்கல."

ஈரக் கூந்தல் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. சாமிதுரை அதைப் பார்த்தார். ஆனால் பணம் தொலைத்தவன் கண்ணுக்குக் கூந்தல் பெரிதாகப் படாது.

மறுநாள் மாலை பட்டறைக்குத் திரும்பக் கொடுக்க வேண்டிய பொம்மைகளை அவர்தான் அட்டைப் பெட்டியில் அடுக்கினார். முதல் பொம்மை அவரை ஒருக்களித்துப் பார்த்தது. இரண்டாவது கூரையைப் பார்த்தது. எடுத்த இருபதும் ஆளுக்கொரு திசையில் பார்த்தன. பதினாறு வருசமாக அம்புஜவல்லி எழுதிய கண்ணில் ஒன்றுகூட அவர் கை வழியாகப் பழுதாகிப் போனதில்லை.

"என்னா இது, எல்லாம் மாறுகண்ணா இருக்குது?"

அவள் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நடுங்குது. நேத்து நீங்க போயிட்டு வந்ததுலேருந்து நடுங்குது."

பெட்டி அவர் மடியில் இருந்தது. பிறகு அவளாக எழுந்துபோய், கட்டிலுக்கடியில் இருந்த சாக்கிலிருந்து தும்பிக்கை இல்லாத அந்த யானையை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. சூட்டில் பொம்மை வெடிக்காமலிருக்க விடுகிற ஓட்டை அது. அதற்குள் நோட்டுகளைச் சுருட்டிச் சுருட்டி நுழைத்திருந்தாள். போன வழியில் அவை திரும்பி வராது.

"அறிவு கெட்டவளே" என்று தொடங்கியவரை அவள் முடிக்கவிடவில்லை.

"அந்தச் சாருகிட்ட ஏசி மாதிரின்னு சொன்னீங்களே. போன வைகாசில சூளைக்கு முன்னாடி மயங்கி வுழுந்தத சொன்னீங்களா? மொதலாளி எதுக்கு வூட்ல இருங்கன்னாரு? ஆர்டர் இல்லன்னா? ஊருக்கு அப்படிச் சொல்லுங்க, எங்கிட்டயுமா?"

சாமிதுரை யானையையே பார்த்துக்கொண்டிருந்தார். நமக்கும் அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார், நாமும் நம்பிவிட்டோம்.

"வெண்பா போன்ல ஒண்ணு காட்டுனா. கரடி வேசம் போட்ட ஆளு, ரோட்டோரம் தலைய கழட்டி வச்சுட்டு நாக்கு தள்ளிக் கெடக்கறாரு. சனம் சுத்தி நின்னு வீடியோ எடுக்குது. புள்ளைங்க முன்னாடி தலைய கழட்டுனா அர நாளு சம்பளத்தப் புடிப்பாங்கன்னு திலீபன் வேற சொல்றான். நீங்க அர நாளு சம்பளத்துக்காவ செத்தாலும் கழட்ட மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்கள? அன்னிக்கு வுழுவுறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரமா கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சுன்னு ஆசுபத்திரில நீங்கதான சொன்னீங்க? யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"சொன்னா ஒரு நாள் கூலி போயிடும்."

"அதான்."

வெண்பா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் நாடியைப் பிடிக்க அன்றைக்கு அவள் வரவில்லை.

"இன்னும் ரெண்டு நாளு ஒளிச்சு வச்சிருந்தா திங்கக்கிழம போயிருக்கும்" என்றாள் அம்புஜவல்லி. "நீங்க சாமிகிட்ட போவீங்கன்னு நான் நெனைக்கல. கை போனா நான் எதால கண்ணு எழுதுவேன்?"

சாமிதுரை யானையை எடுத்துப் படிக்கல்லில் ஒரு தட்டுத் தட்டினார். இருபத்திரண்டு வருசத்தில் அவர் வேண்டுமென்றே உடைத்த முதல் பொம்மை அதுதான்.

"அவ படிக்கணும். நான் போவணும், அம்புஜம்" என்றார் தரையைப் பார்த்தபடி.

"போங்க. மொதல்ல அத வாபஸ் வாங்குங்க."

சனிக்கிழமை இருவரும் மணவாளநல்லூர் போனார்கள். பிராது கட்டுவதற்குக் கட்டணம் இருப்பதுபோல வாபஸ் வாங்கவும் ஒரு முறை இருக்கிறது. தெய்வத்தின் அலுவலகமும் அலுவலகம்தான். பொருள் கிடைத்துவிட்டது, சமாதானமாகப் போகிறோம் என்று சாமிதுரை எழுதிக் கொடுத்தார். எடுத்தவர் பெயரை அவரும் எழுதவில்லை, சாமியும் கேட்கவில்லை. அவர் திருநீற்றை நீட்டியபோது இந்தத் தடவை அம்புஜவல்லி நெற்றியைக் காட்டினாள்.

கிளம்பலாம் என்று அவர் செருப்பைத் தேடும்போது அவள் பைக்குள்ளிருந்து இன்னொரு வெள்ளைத்தாளை எடுத்தாள்.

"இது என்னா?"

"எம் பிராது. பணம் குடுங்க."

"யாரு மேல?"

அவள் தாளை நீட்டினாள். வெண்பாவின் கையெழுத்து.

கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு அம்புஜவல்லி எழுதிக்கொண்டது. எதிராளி: என் வீட்டுக்காரர் சாமிதுரை, சூளை வேலை, தற்சமயம் கரடி. இவர் உடம்புக்கு முடியாததை மறைக்கிறவர். கண் இருட்டினால் கூலியை நினைக்காமல் கரடித் தலையைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் மறைத்தால் சாமியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

"என்ன தண்டனன்னு எழுதலியே?" என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"அது அவருக்குத் தெரியும்."

ஒன்பதாயிரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். தன் மேல் கட்டுகிற பிராதுக்குத் தானே கட்டணம் கட்டிய எதிராளி அந்தச் சந்நிதியில் அதற்கு முன் நின்றிருப்பாரா என்று தெரியவில்லை. அவள் தாளைச் சுருட்டிக் கட்டினாள். முடிச்சு விழும்போது கை நடுங்கவில்லை என்பதை அவர் கவனித்தார்.

ஆன செலவை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டுவிட்டு ஜங்ஷனில் பாசஞ்சர் ரயில் ஏறினார். திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கரடி ஆனார்.

கரடிக்குள் சூளையைப் போலில்லை. சூளையில் அனல் எதிரே நிற்கும். நாம் இரண்டடி பின்னால் போகலாம். இங்கே பின்னால் போக இடம் கிடையாது. வாயில் இருக்கும் வலை வழியாகத்தான் காற்று, அதன் வழியாகத்தான் உலகம். முதல் நாள் ஓடியது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஓடின. வியாழக்கிழமை நண்பகலில், தண்ணீர்ச் சறுக்குக்குப் பக்கத்தில், ஒரு குடும்பம் போட்டோவுக்கு வரிசை கட்டியபோது வலைக்கு அப்பால் இருந்த வெளிச்சம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது.

இன்னும் இரண்டு போட்டோதானே என்று நினைத்தார். வைகாசியில் நினைத்ததும் அதே கணக்குத்தான். சூளையில் அடுக்க இன்னும் இரண்டு தட்டுதானே. அப்போது சுருட்டிக் கட்டிய தாள் நினைவுக்கு வந்தது. எதிராளி: சாமிதுரை.

இரண்டு கையாலும் தலையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே திண்டில் உட்கார்ந்தார்.

"அம்மா, கரடிக்குள்ள தாத்தா!" என்று ஒரு பெண் குழந்தை அலறியது. சூப்பர்வைசர் விசிலோடு ஓடிவந்தார்.

"யோவ், என்னாய்யா பண்ற? தலைய மாட்டு! ஏசி மாதிரின்னு சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன் சார். முன்னாடி ஒருக்கா மயங்கி வுழுந்திருக்கேன். கழட்டாம இருக்க முடியாது சார், எம் மேல பிராது இருக்குது."

"பிராதா? போலீஸ் கேஸா? சர்ட்டிபிகேட்ல ஒண்ணுமில்லன்னு இருந்துச்சே!"

"இது அவங்களுக்கும் மேல சார்."

சூப்பர்வைசருக்கு என்ன புரிந்ததோ, விசிலை வாயிலிருந்து எடுத்தார். அரை நாள் சம்பளம் போயிற்று. ஆனால் வேலை போகவில்லை. இந்த வெயிலில் அடுத்த கரடிக்கு எங்கே போவது? அரை மணிக்கு ஒரு தடவை பின்கட்டுக்குப் போய்த் தலையைக் கழற்றிக் காற்று வாங்கிக்கொள், யாரும் பார்க்கக் கூடாது என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

பின்கட்டில் ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டுச் சாமிதுரை வீட்டுக்குப் போன் போட்டார்.

"கழட்டிட்டேன்."

அந்தப் பக்கம் தூரிகையைத் தண்ணீரில் அலசும் சத்தம் நின்றது. "எவ்ளோ புடிச்சாங்க?"

"அர நாளு."

"போவட்டும்" என்றாள். பிறகு, "இப்ப எப்படி இருக்குது?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. அதைச் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

"கொஞ்சம் தல சுத்துது. ஒக்காந்திருக்கேன்."

"ஒக்காந்தே இருங்க" என்றாள் அம்புஜவல்லி.

பிராதை அவள் வாபஸ் வாங்கவில்லை. தொண்ணூறு நாளில் இன்னும் எண்பத்தைந்து பாக்கி இருந்தது.