விரிசலுக்குள் போன சந்தனம்

ஏரலில் வாழை ஏற்றித் திருநெல்வேலியில் இறக்குவதுதான் என் பிழைப்பு. முன்னால் ஜல்லி லாரி போனால் என் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். கல் தெறித்தால் வண்டியின் முன்கண்ணாடிதான் வாங்கிக்கொள்ளும்.

எல்லா அடியும் ஒன்றுபோல் இருக்காது. சிலது குண்டூசி முனையளவு கொத்திவிட்டுப் போய்விடும். சிலது காசு மாதிரி வட்டமாகப் பெயர்க்கும். நட்சத்திரம்போல் கால் முளைப்பதுதான் மோசம். ஒரு கால் நீள ஆரம்பித்தால் கண்ணாடி முழுக்கக் கோடாக ஓடிவிடும். இந்தப் படிப்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஏறவில்லை, லாரிக்குப் பின்னால் போய்ப் போய் ஏறியது.

போன ஆவணியில் ஆழ்வார்திருநகரிப் பக்கம் எனக்கு அந்த நட்சத்திரம் விழுந்தது. திருநெல்வேலி பேட்டையில் வண்டிக் கண்ணாடி வேலை செய்கிறவரிடம் உடனே போயிருந்தால் பசை ஏற்றி அடைத்திருப்பார். போகவில்லை. முகூர்த்தம் வரிசையாக வந்ததில் தூக்கமே கிடையாது. அதோடு, எனக்கு லோடு தரும் ஏரல் அண்ணாச்சி கல்யாண வாசலுக்குக் குலைவாழை அனுப்புகிறவர். உடைந்த கண்ணாடி வண்டியில் மங்கலச் சாமான் ஏற்றமாட்டார். அவர் விட்டுவிட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பொட்டு வைக்கிறோம்தானே? சந்தனத்தைக் குழைத்து, நட்சத்திரத்தின் மேல் கட்டைவிரலால் அழுத்தி அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். அண்ணாச்சி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. காய்ந்து உதிர உதிர மறுபடி அப்பினேன்.

ஒருநாள் சந்தனத்துக்கு வெளியே ஒரு கால் எட்டிப் பார்த்தது. மறுநாள் பெரிய லோடு. பேட்டைக்கு ஓடினேன். கண்ணாடிக்காரர் சந்தனத்தைக் கழுவிவிட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“என்ன வே இது, விரிசலுக்குள்ள பூராவும் சந்தனமா கெடக்கு?”

“பொட்டு வச்சேன்ணே.”

“சாமிக்கு வைப்பாவ. ஓட்டைக்கா வைப்பாவ?”

விரிசல் சுத்தமாக இருந்தால்தான் பசை உள்ளே இறங்குமாம். இங்கே சந்தனம் முந்திக்கொண்டது. ஊசியால் நோண்டினார், காற்றடித்தார். எப்படியாவது அடைத்துக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். மனசில்லாமல் பசைக் கருவியைப் பொருத்திப் பையப் பையத் திருகினார். டிக்கென்று ஒரு சத்தம். கோடு என் ஸ்டீயரிங் வரைக்கும் ஓடி வந்து நின்றது.

“இனி மாத்தித்தான் ஆவணும். புதுசு ஒட்டுனது காய நாளைக்குச் சாயங்காலம் ஆயிரும். அதுக்கு முன்ன வண்டிய எடுத்தீருன்னா கண்ணாடி உம்ம மடியில வந்து உக்காரும்.”

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். டயர், காய்ச்சல், மாமியார் என்று பொய்கள் தயாராக இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெம்பில்லாமல் உண்மையையே சொல்லிவிட்டேன்.

“ஏலே, அப்ப நான் தொட்டுக் கும்பிட்டது ஓட்டையவா?”

“ஆமா அண்ணாச்சி.”

பெருமூச்சு கேட்டது. “நாளைக்கு வேற வண்டி பாத்துக்கிடுதேன். கண்ணாடிய மாத்திட்டு அடுத்த முகூர்த்தத்துக்கு வா.”

பிழைப்பு போகவில்லை என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாளைக்கு எழுந்திருக்க வேண்டாம் என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. கண்ணாடிக்காரர் பழைய கண்ணாடியை அறுக்கிற சத்தத்திலேயே, அங்கே கிடந்த டயர்மேல் சாய்ந்து தூங்கிவிட்டேன்.